பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அடிக்கும்

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் பஸ்ஸில் போகும்போது, களியக்காவிளை தாண்டியதும் செல்போன் ஒரு தடவை சிணுங்கும். தமிழ்நாட்டு டவரை விட்டுவிட்டுக் கேரளத்து டவரைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். சில நாள் பாறசாலையே வந்த பிறகும் பழைய டவரை விடாமல் தொங்கிக்கொண்டிருக்கும். ரோமிங்குக்குத் தனியாகக் காசு பிடித்த காலத்தில் எல்லையோரத்து வீடுகளுக்கு இது தீராத தலைவலி. வீடு கேரளத்தில், வாசல்படியும் கேரளத்தில், போன் மட்டும் தமிழ்நாட்டில் இருக்கும். போனுக்கு மாநில எல்லை எங்கே தெரிகிறது? பிடித்த அலை காதில் விழுகிறவரைக்கும் அதை விடாது, அவ்வளவுதான்.

போன ஓணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் பாலராமபுரத்தில் அக்கா வீட்டுப் பிரிண்டர் என்னை இரண்டு நாள் அலைக்கழித்தபோது, இந்தக் களியக்காவிளைச் சங்கதி எனக்கு உடனே ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பாலராமபுரம் நெசவாளர் ஊர். திருவிதாங்கூரைப் பாலராமவர்மா ஆண்ட காலத்தில், இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து சாலியர் குடும்பங்களைக் கூட்டிவந்து குடிவைத்தார்கள். திவான் உம்மிணித் தம்பி முன்னின்று செய்த காரியம் என்பார்கள். ராஜாவின் பெயரே ஊருக்கும் ஆகிவிட்டது. சாலியர் தெருக்களில் வீட்டுக்குள் தமிழ் இன்னும் இருக்கிறது, கடைக்குப் போனால் மலையாளம். விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி போடுவதும், குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்து கசவு முண்டு நெய்வதும் இங்கே பழக்கம். பாலராமபுரம் சேலைக்கும் மெல்லிய பருத்தித் துணிக்கும் புவிசார் குறியீடு உண்டு.

அக்கா வீட்டில் தறி நின்று பல வருஷம் ஆகிறது. அக்கா மகள்தான் இப்போது வியாபாரம் பார்க்கிறாள். அண்டை வீடுகளில் நெய்கிற செட்டுமுண்டையும் சேலையையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவாள், ஆர்டர் வரும், கூரியரில் அனுப்புவாள். ஓணம் நெருங்கினால் ஒரு நாளைக்கு இருபது முப்பது பொட்டலம். ஒவ்வொன்றுக்கும் முகவரிச் சீட்டு அடித்து ஒட்டவேண்டும். பிரிண்டர் படுத்துக்கொண்டால் வியாபாரமும் படுத்துக்கொள்ளும்.

நான் போய் இறங்கியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "மாமா, அதுக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்துல உக்காந்து லேப்டாப்ப தொறந்தாத்தான் அடிக்கும். முன்னறையில இருந்து குடுத்தா ஆஃப்லைன்னு சொல்லும். முன்னறையில தொறந்து, தொறந்தபடியே தூக்கிட்டு பக்கத்துல வந்தாலும் அடிக்காது. மூடித் தொறக்கணும்."

நான் சிரித்தேன். சாமியாடிக்குக் கொடுக்கிற மரியாதையைப் பிரிண்டருக்குக் கொடுக்கிறாளே என்று நினைத்தேன். அவள் சொன்ன அந்தச் சில வாக்கியங்களிலேயே முழு நோயும் அடங்கியிருந்தது என்பது மறுநாள் சாயங்காலம்தான் புரிந்தது.

முதலில் நான் சுவரைச் சந்தேகப்பட்டேன். வீடு ஒடுக்கமாகவும் நீளமாகவும் இருக்கும். முன்னால் பழைய தறி அறை, அங்கேதான் பைபர் இணைப்பின் பெட்டி தொங்குகிறது. அதை வீட்டில் எல்லோரும் மோடம் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அங்கிருந்து மூன்று கனத்த சுவர் தாண்டினால் பின்கட்டு. பிரிண்டரும் துணி அடுக்கிய இரும்பு பீரோவும் அங்கே.

வைஃபை அலையும் வானொலி அலைதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. அலை குட்டையாக ஆக, சுவரில் அதிகம் மாட்டிக்கொள்ளும். மழையில் ஊறிய சுவர் இன்னும் மோசம். இரும்பு பீரோ அலையை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடும். போனில் ஒரு செயலியைப் போட்டு அளந்து பார்த்தேன். முன்னறையில் மைனஸ் 42, பின்கட்டில் மைனஸ் 78. இந்த எண்ணை டெசிபல் கணக்கில் சொல்வார்கள். பத்துப் பத்தாகக் குறையும்போது ஒவ்வொரு பத்துக்கும் பலம் பத்தில் ஒரு பங்காகிறது. ஆக இந்த இரண்டு அறைக்கும் இடையில் அலையின் பலம் ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது. கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் வைஃபைக் கருவியின் காது அபாரமானது. மைனஸ் 70 என்பது ஒரு வாட்டில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அதைக்கூடத் தெளிவாகக் கேட்டுவிடும். மைனஸ் 78-இல்தான் திக்கும்.

இந்தத் திக்கலைத் தீர்க்கத்தான் அத்தான் போன வருஷமே கடையில் போய் இன்னொரு ரவுட்டர் வாங்கிவந்து பின்கட்டில் வைத்திருந்தார். முன்னறை மோடத்தில் இருந்து ஒரு கேபிள் இழுத்து அதில் செருகி, அதே பெயர், அதே பாஸ்வேர்டு போட்டுவிட்டார். "ஒரே பேர் வச்சா கொழப்பம் வராதுல்லா" என்றார். பின்கட்டில் அலை அதற்குப் பிறகு ஜோர். மைனஸ் 78 என்று நான் அளந்தது முன்னறை மோடத்தின் குரல். பின்கட்டு ரவுட்டரின் குரல் அங்கே மைனஸ் 35.

அப்படியானால் சுவர் குற்றவாளி இல்லை. அடுத்து எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: மோடம், ரவுட்டர், பிரிண்டர், லேப்டாப் நான்கையும் அணைத்து அணைத்துப் போட்டேன். அடித்தது! அன்று ராத்திரி வெற்றிவீரனாக மீன்குழம்பு சாப்பிட்டேன். காலையில் மறுபடி ஆஃப்லைன். அணைத்துப் போடுகிற வைத்தியத்தில் எனக்குள்ள குறையே இதுதான். சில சமயம் நோய் போகும், என்ன நோய் என்பது மட்டும் கடைசிவரை தெரியாது.

வீட்டு நெட்வொர்க்கில் பிரிண்டர் வேலை செய்ய மூன்று காரியம் நடக்கவேண்டும். அலை கேட்கவேண்டும், விலாசம் கிடைக்கவேண்டும், பெயர் தெரியவேண்டும். திரையில் நாம் பார்க்கிற வைஃபைக் கோடுகள் முதல் காரியத்தை மட்டும்தான் காட்டுகின்றன. நான்கு கோடும் நிறைந்திருந்தாலும் மற்ற இரண்டும் கெட்டிருக்கலாம்.

அலை கேட்பதிலேயே சில பொடி வில்லங்கங்கள் உண்டு, அவற்றைச் சொல்லி நகர்ந்துவிடுகிறேன். மலிவான பிரிண்டர்கள் பல 2.4 பட்டையை மட்டும் கேட்கும். மோடத்தில் அதை யாராவது அணைத்து வைத்திருந்தால் பிரிண்டர் செவிடு. நம் நாட்டில் அந்தப் பட்டையில் 13 சானல் வரை உண்டு, அமெரிக்காவில் வழக்கமாக 11 வரைதான். அந்த நாட்டுக் கணக்கில் அமைத்த கருவிக்கு, மோடம் தானாக 12, 13-க்குத் தாவிவிட்டால் ஒன்றும் கேட்காது. நேற்றுவரை தெரிந்த வைஃபை இன்று காணோம் என்றால் இதையும் ஒரு பார்வை பார்க்கலாம். 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 3 என்ற பூட்டை மட்டும் மோடத்தில் போட்டுவிட்டால், பழைய பிரிண்டரிடம் அதற்குச் சாவி இருக்காது. இந்த 2.4 பட்டை முதலிலேயே அரசாங்கங்கள் பெரிதாக மதிக்காத பட்டை. 1947-இல் தொழிற்சாலைக் கருவிகள் போன்றவற்றுக்கு என்று சர்வதேச அளவில் ஒதுக்கிவைத்தது. மைக்ரோவேவ் அடுப்பும் அதே வீதியில்தான் நடமாடுகிறது. இந்தியாவில் சிறு பலமுள்ள கருவிகள் உரிமம் இல்லாமல் அங்கே இயங்கலாம் என்று 2005-இல் விதி வந்தது. அந்த விதி இல்லையென்றால் அத்தான் ரவுட்டர் வாங்கியதற்கு லைசென்ஸ் கேட்டிருப்பார்கள்.

விலாசத்துக்கு வருவோம். வீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் மோடம் ஓர் எண் கொடுக்கிறது. டி.எச்.சி.பி. என்று 1990-களில் வகுத்த முறை. புதிதாக வந்த கருவி "இங்கே எண் கொடுப்பவர் யாராவது உண்டா?" என்று பொதுவாகக் கத்தும். மோடம் "இந்த எண் காலியாக இருக்கிறது" என்னும். "அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்று கருவி சொல்ல, "சரி, இத்தனை மணி நேரம் உனக்கு" என்று மோடம் முடித்துவைக்கும். இது குத்தகை, பட்டா கிடையாது. மழைக்காலத்தில் கரண்ட் போய் வந்தால் சில மோடம்கள் குத்தகைக் கணக்கையே மறந்துபோகும். பிரிண்டருக்கு 5 கிடைத்திருந்தது, இப்போது 9 கிடைக்கும். லேப்டாப் பாவம், பழைய 5-க்கே தாளை அனுப்பிக்கொண்டிருக்கும். 5-இல் இப்போது டி.வி. குடியிருக்கிறது. டி.வி.க்கு முகவரிச் சீட்டு எதற்கு?

இதைச் சோதிக்க ஒரே வழி, பிரிண்டரையே கேட்பது. பெரும்பாலான பிரிண்டர்களில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால், அல்லது மெனுவில் தேடினால், நெட்வொர்க் விவரத்தை ஒரு தாளில் அடித்துக் கொடுக்கும். இதற்கு லேப்டாப்பும் வேண்டாம், வைஃபையும் வேண்டாம். நான் முதல் நாளே செய்திருக்கவேண்டிய வேலை. மறுநாள் சாயங்காலம்தான் செய்தேன்.

தாளில் வந்த எண் 192.168.0.104. முன்னறையில் உட்கார்ந்து என் போனில் வைஃபை விவரத்தைத் திறந்தால் 192.168.1.7.

மூன்றாவது எண்ணைப் பாருங்கள். ஒன்றில் பூஜ்யம், மற்றதில் ஒன்று. வீட்டு நெட்வொர்க்குகளில் வழக்கமாக முதல் மூன்று எண்ணும் தெருப் பெயர் மாதிரி, கடைசி எண் வீட்டு நம்பர். பாலராமபுரத்துச் சாலியர் தெருக்களில் ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு என்று உண்டு. ஒற்றைத் தெருவில் நின்றுகொண்டு "ஏழாம் நம்பர் வீடு எங்கே?" என்று கேட்டால் அந்தத் தெரு ஏழைத்தான் காட்டுவார்கள். என் போன் ஒரு தெருவில், பிரிண்டர் இன்னொரு தெருவில். இரண்டு தெருவுக்கும் ஒரே பெயர்ப்பலகை மாட்டி வைத்தவர் அத்தான்.

நடந்தது இதுதான். கடையில் வாங்கிய ரவுட்டர், தன்னைத் தனி வீட்டுக்குத் தலைவன் என்று நினைத்துக்கொண்டுதான் பெட்டியில் இருந்து வெளியே வரும். கேபிளின் மறுமுனையில் இருப்பது இன்னொரு மோடம் என்று அதற்குக் கவலை இல்லை. அதைப் பெரிய இன்டர்நெட் என்றே எடுத்துக்கொள்ளும். தன் பங்குக்குத் தானும் எண் விநியோகிக்கும். பின்கட்டில் இருக்கும் பிரிண்டர் அதன் குரலையே பலமாகக் கேட்டு அதனிடம் சேர்ந்தது. உள்தெருவில் இருப்பவன் வெளித்தெருவுக்குப் போகலாம், ரவுட்டர் தன் பெயரில் கூட்டிக்கொண்டு போய்விடும். வெளித்தெருவில் இருந்து உள்ளே வர வழியில்லை. முன்னறை மோடத்துக்கு 192.168.0 என்ற தெரு இருப்பதே தெரியாது. யூடியூப் இரண்டு பக்கமும் ஓடும், பிரிண்டர் மட்டும் ஒரு பக்கம். அதனால்தான் இத்தனை நாளும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இப்போது அக்கா மகள் சொன்ன 'குணத்தை' மறுபடி பாருங்கள். லேப்டாப்பைப் பின்கட்டில் திறந்தால் அங்கே பலமான ரவுட்டரைப் பிடிக்கும், பிரிண்டரின் தெருவிலேயே நிற்கும், அடிக்கும். முன்னறையில் திறந்தால் மோடத்தைப் பிடிக்கும், ஆஃப்லைன். திறந்தபடியே தூக்கிவந்தால்? களியக்காவிளை தாண்டியும் தமிழ்நாட்டு டவரை விடாத போன் போல, லேப்டாப்பும் பிடித்த மோடத்தை லேசில் விடாது. மைனஸ் 78-இல் திக்கித் திக்கியாவது ஒட்டிக்கொண்டிருக்கும். மூடித் திறந்தால்தான் புதிதாகத் தேடும். அவள் சொன்னது மூடநம்பிக்கை இல்லை, சுத்தமான சோதனைக் குறிப்பு. கேட்டுவிட்டுச் சிரித்தவன் நான்.

மூன்றாவது காரியமான பெயர், இதே தெருக் கதையோடு சேர்ந்ததுதான். 'பிரிண்டரைச் சேர்' என்று அழுத்தினால் பட்டியலில் பிரிண்டர் பெயர் எப்படி வருகிறது? ஆப்பிள் நிறுவனத்தில் ஸ்டூவர்ட் செஷயர் முன்னின்று உருவாக்கிய முறை அது, 2002-இல் வெளிவந்தது, 2013-இல் இணையத் தரமாகப் பதிவானது. லேப்டாப் 224.0.0.251 என்ற பொது விலாசத்துக்கு "அச்சடிக்கத் தெரிந்தவர் யார்?" என்று ஒரு குரல் கொடுக்கும். தெரிந்த கருவி தன் பெயரையும் எண்ணையும் சொல்லும். இந்தக் குரல் தெருமுனையைத் தாண்டாது, தாண்டக்கூடாது என்றே வகுத்திருக்கிறார்கள். இல்லையென்றால் ஊரில் உள்ள அத்தனை பிரிண்டரும் பதில் சொல்ல ஆரம்பிக்கும். விருந்தாளி வைஃபையில் சேர்ந்த போனுக்குப் பிரிண்டர் தெரியாமல் போவதும் இதனால்தான். அங்கே கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதையே பெரும்பாலும் தடுத்துவைத்திருப்பார்கள். போனில் வி.பி.என். ஓடினாலும் சில சமயம் இதே கதி.

பிரிண்டர் கோபத்தில் ஒரு உலக வரலாறே இருக்கிறது, அதன் ஒரு முனை பாலராமபுரத்தில் இருந்து முக்கால் மணி பஸ் தூரத்தில். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. அங்கே வேலைபார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், அதற்கு முந்தைய பிரிண்டரில் தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி நிரலைத் திருத்தி வைத்திருந்தவர். புதியதிலும் அப்படிச் செய்ய நினைத்தார். ஜெராக்ஸ் மூலநிரலைத் தரவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து ஆளைக் கேட்டபோது, யாருக்கும் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று கையை விரித்துவிட்டார். அந்தக் கசப்பும் சேர்ந்துதான் 1983-இல் கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தை அறிவிக்கும் இடத்துக்கு அவரைக் கொண்டுபோனது. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை 2001 ஜூலையில் அவர் தொடங்கிவைத்தது திருவனந்தபுரத்தில்தான். கேரளத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பிறகு லினக்ஸில் கணினி படித்தார்கள். அக்கா மகளும் அப்படிப் படித்தவள்தான். "பள்ளிக்கூடத்துல டெர்மினல்ல பிங் பண்ணச் சொல்லித் தந்தாங்க மாமா, இதுல பண்ணணும்னு தோணல" என்றாள்.

பண்ணினோம். முன்னறையில் இருந்து 192.168.0.104-க்குப் பிங், அதாவது 'இருக்கிறாயா?' என்ற கேள்வி, அனுப்பினால் பதிலே இல்லை. பின்கட்டில் மூடித் திறந்து அனுப்பினால் நான்கு மில்லிசெகண்டில் பதில். அதற்குமேல் சாட்சி தேவையில்லை.

சிகிச்சை பத்து நிமிஷம். பின்கட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து அக்சஸ் பாயிண்ட் என்ற நிலைக்கு மாற்றினேன். அப்படி மாற்றினால் அது எண் கொடுக்கும் அதிகாரத்தை விட்டுவிட்டு, முன்னறை மோடத்தின் குரலைப் பின்கட்டில் திருப்பிச் சொல்லும் ஆளாக மட்டும் இருக்கும். அந்த நிலை இல்லாத பழைய ரவுட்டரில் டி.எச்.சி.பி.யை அணைத்துவிட்டு, அதன் விலாசத்தையும் மோடத்தின் தெருவுக்குள் யாருக்கும் இல்லாத எண்ணாக மாற்றி, கேபிளைத் தனியாக நிறம் காட்டியிருக்கும் துளையில் இருந்து பிடுங்கி மற்ற நான்கில் ஒன்றில் செருகினால் போதும். பிரிண்டரை அணைத்துப் போட்டதும் 192.168.1.12 என்று புது எண்ணோடு எழுந்தது. கரண்ட் போனாலும் அந்த எண் மாறக்கூடாதே. ஒவ்வொரு கருவிக்கும் மேக் எண் என்று பன்னிரண்டு இலக்கத்தில் ஓர் அடையாளம் உண்டு. மோடத்தில் பிரிண்டரின் மேக் எண்ணை எழுதி, இவருக்கு 12 மட்டும்தான் என்று கட்டிவைத்தேன். குத்தகை இப்போது பட்டா மாதிரி.

லேப்டாப்பில் பிரிண்டரின் போர்ட் விலாசத்தையும் புது எண்ணுக்கு மாற்றி, முன்னறையில் இருந்து ஒரு சீட்டுக் கொடுக்கச் சொன்னேன். அக்கா மகள் பொத்தானை அழுத்தினாள். பின்கட்டில் பிரிண்டர் உறுமியது. ஒரு தாள் வந்தது. இன்னொரு தாள். பிறகு நிற்கவே இல்லை.

முன்னறையில் இருந்து அடிக்காதபோதெல்லாம் அவள் மறுபடி மறுபடி கொடுத்திருக்கிறாள். அத்தனையும் வரிசையில் காத்துக் கிடந்திருக்கிறது. விலாசம் கிடைத்ததும் போன வாரம் கூரியரில் போய்ச் சேர்ந்துவிட்ட கோழிக்கோட்டுச் சேலைக்கு நான்கு சீட்டு, கோயம்புத்தூர் செட்டுமுண்டுக்கு ஆறு சீட்டு என்று கொட்ட ஆரம்பித்தது. நான் ஓடிப்போய்க் கேன்சல் பட்டனைத் தேடுவதற்குள் தாள் தட்டே காலி.

அத்தான் எண்ணிப் பார்த்தார். முப்பத்தொன்று. "மையும் பேப்பரும் யாரு காசு?" என்றார். அக்கா அந்தக் கட்டை எடுத்து நூலால் தைத்து அடுக்களையில் மாட்டிவிட்டாள். பின்பக்கத்தில் இப்போது பால் கணக்கு ஓடுகிறது.